மாஸ்க் போட்டும் தொண்டை எரியுது, காலையில சளி: ஏன்?

திருவொற்றியூர்வாசி:
அப்பாவுக்கு 54 வயசு. மணலி விரைவுச் சாலை ஓரமா டீக்கடை, நாள் முழுக்க லாரிப் புழுதி. பீடி, சிகரெட் கிடையாது. காலையில எழுந்ததும் அரை மணி நேரம் சளியைக் காறித் துப்புறார், பகல்ல குறைஞ்சிடுது. மெடிக்கல்ல கொடுத்த சிரப்புல இருமல் அடங்குது, ஆனா நெஞ்சு கட்டிக்குது. என்-95 போட்டாலும் ஆலைப் புகை நெடி அடிக்கிற நாள்ல தொண்டை எரியுது. எங்கே தப்பு?

எண்ணூர்க்காரன்:
மாஸ்க் மேல தப்பில்லை. என்-95 தூசியைத்தான் பிடிக்கும், வாயு அதுல புகுந்து வந்துடும். அந்தப் புகையில வர்ற கந்தக டை ஆக்சைடு வாயு தண்ணீர்ல சட்டுனு கரையும். மூக்கு, தொண்டையில இருக்கிற ஈரப்படலத்துல கரைஞ்சு அமிலமாகுது, எரிச்சல் அதனாலதான். அம்மோனியாவும் அப்படியே கரையும், ஆனா அமிலத்துக்கு எதிரான காரமாகும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அம்மோனியா கசிஞ்சப்போ எல்லாருக்கும் முதல்ல கண்ணும் தொண்டையும் எரிஞ்சது இதனாலதான்.

மூக்கால மூச்சு இழுத்தா கந்தக வாயுவுல பெரும்பகுதி மூக்குலயே நின்னுடும். வாயால இழுத்தா நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். நெடி அடிக்கிறப்போ மூட்டை தூக்குறது, வேகமா நடக்கிறது வேண்டாம், வாயால மூச்சு வாங்க வச்சிடும்.

பிசியோ_ராயபுரம்:
மூச்சுக்குழாய்ச் சுவர்ல ஒவ்வொரு செல்லுக்கும் சுமார் 200 நுண்முடிகள் இருக்கு. நொடிக்குப் பத்து தடவைக்கு மேல அடிச்சு, மேல மிதக்கிற சளியைத் தூசியோட தொண்டைக்குத் தள்ளும். நல்ல சளியில 97 சதவீதம் தண்ணீர்தான். வருஷக்கணக்கா புழுதியும் புகையும் பட்டா சளி சுரக்கிற செல் பெருகும், முடி உதிரும், சளி கெட்டியாகும். தள்ள ஆளில்லாத இடத்துல இருமல்தான் துடைப்பம். தூக்கத்துல இருமல் குறையறதால ராத்திரி முழுக்கத் தேங்கி, காலையில மொத்தமா வருது. அந்தத் துடைப்பத்தை சிரப்பு பிடுங்கிடுது. சளியோட வர்ற இருமலை அடக்கவே கூடாது, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

பதிலா இதைச் செய்யச் சொல்லுங்க: நிமிர்ந்து உட்கார்ந்து நாலஞ்சு தடவை ஆழமா மூச்சு. அப்புறம் பாதி மூச்சு இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில ஆவி படிய ஊதுற மாதிரி 'ஹா'ன்னு அழுத்தி விடணும். ரெண்டு தடவை. சளி மேல வந்ததும் ஒரே ஒரு இருமல். தொண்டை கிழிய இருமினா குழாய் சுருங்கி சளி உள்ளேயே மாட்டிக்கும்.

திருவொற்றியூர்வாசி:
சிரப்பை நிறுத்திடறோம். மூக்கு கழுவலாமா?

எண்ணூர்க்காரன்:
கடை மூடினதும் கழுவலாம். கொதிக்க வச்சு ஆறின தண்ணீர் 1 லிட்டருக்கு உப்பு 9 கிராம். உப்பு குறைஞ்சாலும் எரியும், கூடினாலும் எரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீங்க. கடை வாசலையும் தண்ணீர் தெளிச்சுட்டுக் கூட்டுங்க, இல்லாட்டி படிஞ்ச புழுதி திரும்ப மூக்குக்குத்தான் வரும்.

பிசியோ_ராயபுரம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. இருமல் 2 வாரம் தாண்டினா 'புழுதிதான்'னு நாமளே முடிவு பண்ணக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். காலையில முதல்ல வர்ற சளியைக் கொடுங்க, எச்சில் வேண்டாம். நுரையீரல் திறனை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரியும் கேளுங்க. சளியில ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கே போகணும்.