பதிவேட்டில் இராயப்பன் இல்லை

தாத்தா கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது எழுதிய கடிதம் ஒன்று, ஆச்சியின் தகரப் பெட்டியில் எனக்குக் கிடைத்தது. தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று இயேசு, மரியாள், யோசேப்பு பெயர்கள் இருந்தன. தணிக்கைக்காரர்கள் உறையின் ஓரத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அச்சடித்த காகிதப் பட்டையால் மறுபடி ஒட்டியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 5, பாஸ்கு (ஈஸ்டர்) ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய மூன்றாம் நாள் எழுதப்பட்ட அக்கடிதத்தில், குண்டுவீச்சைப் பற்றி ‘கோவிலில் இருந்தோம், சுகம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. தணிக்கைக்கு அஞ்சினாரோ, ஆச்சி பயந்துவிடுவார் என்று அஞ்சினாரோ! பிறக்கப்போகும் பிள்ளை ஆணாயிருந்தால் இராயப்பன் என்று பெயரிட வேண்டும் என்பதை மட்டும் முக்கால் பக்கத்துக்கு வற்புறுத்தியிருந்தார்.

அந்தப் பிள்ளைதான் என் பெரியப்பா. பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த ஆண்டு 1944. கடிதம் சொல்வது சரியா என்று பார்க்க, தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள எங்கள் பங்குக் கோவிலுக்குச் சென்று, பங்குத்தந்தையின் அனுமதியோடு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு மணி நேரம் தேடியும் இராயப்பன் அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற, கோவிலில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்தான், “தம்பி, ஏடு லத்தீனில் இருக்கிறது, இராயப்பரைப் பேத்ருஸ் என்றும், சின்னப்பரைப் பவுலுஸ் என்றும், அருளப்பரை யோவான்னெஸ் என்றும் தேட வேண்டும்” என்றார். வீட்டில் நாள்தோறும் புழங்கிய பெயரையே நம்பித் தேடியதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

1942 மே மாதப் பக்கத்தில் பேத்ருஸ் இருந்தார். பிள்ளை பிழைக்காது என்று பயந்து மருத்துவச்சி வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்ததையும், எஞ்சிய சடங்குகள் பத்து நாள் கழித்துக் கோவிலில் நிறைவேறியதையும் அன்றைய சாமியார் நான்கு வரிகளில் எழுதியிருந்தார். திருமணம் எந்தக் கோவிலில் நடந்தாலும் அதை ஞானஸ்நானப் பதிவில் குறிக்க வேண்டும் என்று 1908 முதல் திருச்சபை விதித்திருப்பதால், பெரியப்பாவின் கல்யாணமும் வேறொரு மையில் ஓரத்தில் ஏறியிருந்தது.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வயது இரண்டு கூடியதை அவர் பொருட்படுத்தவில்லை. “தண்ணி ஊத்துனது யாருன்னு எழுதியிருக்கா?” என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “கெபிக் கோவிலுக்குப் பின்னால கடைசி வீடு. அந்தக் கிழவி என்னைப் பாக்கும்போதெல்லாம் நெத்தியில சிலுவை போடும், ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார்.