பத்துக்குப் பத்து அறைக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

கேள்வி: வீட்டிலேயே மிருதங்கம் பதிவு செய்கிறேன். ஹெட்போனில் கச்சிதமாகக் கேட்கும் தொப்பி (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடப்பக்கம்), அண்ணன் காரில் போட்டால் குடம் உருட்டுவதுபோல் இருக்கிறது. பதிவைச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஐந்து அங்குலம் போதுமா, எட்டு வேண்டுமா?

பதில்: எட்டு வேண்டாம் தம்பி, அந்த அறையில் சுவர்தான் பாடும். ஐந்து அங்குல யமஹா எச்எஸ்5 வாங்குங்கள். அடி ஒலியில் 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மூன்றரை அங்குல பிரிசோனஸ் ஈரிஸ் விலை குறைவு, ஆனால் 80 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

இன்னொருவர்: எச்எஸ்5இன் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கிறது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அடி ஒலி வீங்கிவிடும். வழியில்லையென்றால் பின்னாலுள்ள ரூம் கன்ட்ரோல் சுவிட்சை மைனஸ் 2 டெசிபெல்லுக்குத் தள்ளுங்கள்.

கேட்டவர்: நண்பரிடம் எச்எஸ்5 இரவல் வாங்கினேன். மேசையை ஒரு முழம் இழுத்ததும் குடம் அடங்கிவிட்டது. இப்போது பீரோ கதவு திறக்கவில்லை என்று அம்மா திட்டுகிறார்.