மறுமொழி: ஆழ்கடல் ஒலிவாங்கி – ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஹைட்ரோபோன், கடலில் மூழ்கி வேலை செய்பவரின் மைக் இரண்டுக்குமே 'ஆழ்கடல் ஒலிவாங்கி' என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். ஹைட்ரோபோன் தண்ணீருக்குள்ளேயே கிடந்து தண்ணீரில் வரும் ஒலியைப் பிடிப்பது. கிணற்றில் இறக்கினாலும் வேலை செய்யும், ஆழ்கடல்தான் வேண்டும் என்றில்லை. அதற்கு 'நீரொலிவாங்கி' போதும்.

மற்றது தண்ணீரில் இல்லை. தலைக்கவசத்துக்குள், வாய்க்கு நேர் முன்னால், வாயுவில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் ஏறும். மேற்பரப்பில் இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் 300 மீட்டரில் 31. மைக்கின் சவ்வுக்குப் பின்னால் காற்று அடைபட்டிருந்தால் சவ்வு நசுங்கிவிடும். அதனால் நுண்துளை ஒன்று விடுவார்கள். மெல்ல ஏறும் அழுத்தம் அதன் வழியே சமனாகிவிடும். பேச்சின் வேகமான அதிர்வுக்கு அந்த வழி போதாது. (எச்சில் போய் அடைத்துக்கொண்டால் தொல்லைதான்.) இதை 'சமன்துளை' என்று சொல்லலாம்.

அப்புறம், ஆழத்தில் மூழ்குபவர்கள் சுவாசிக்கும் வாயுவில் கலக்கும் ஹீலியம். 1965இல் அமெரிக்கக் கடற்படையின் சீலேப் 2 என்ற கடலடி வாழிடச் சோதனை முடிந்து, அதில் தங்கியிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் அழுத்தக் குறைப்பு அறையிலிருந்தபடி அதிபர் ஜான்சனோடு தொலைபேசியில் பேசினார். கேட்டதெல்லாம் கீச்சுக்குரல். குரல்நாண் அதிரும் வேகம் அவ்வளவாக மாறுவதில்லை; ஹீலியத்தில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் போவதால், வாய், தொண்டையின் ஒத்ததிர்வுகள்தான் மேலே ஏறுகின்றன. அவற்றைக் கீழே இறக்கித் தரத் தனிக் கருவி உண்டு. ஆனால் தொலைபேசியைப் போல 3400 ஹெர்ட்சுக்கு மேலே உள்ளதை மைக்கே விட்டுவிட்டால், அந்தக் கருவி எதை இறக்கும்? அகன்ற அலைவரிசை இங்கே கட்டாயம்.

ஆக, பெயரில் ஆழம் வேண்டியதில்லை, ஆள் வேண்டும். 'முக்குளிப்பான் ஒலிவாங்கி' என்றால் குளத்துப் பறவைக்கு மைக் மாட்டியதாக ஆகிவிடும். நீரில் மூழ்கி வேலை செய்பவருக்கு இலங்கையில் செய்திகளிலேயே புழங்கும் 'சுழியோடி' இருக்கிறதே! 'சுழியோடி ஒலிவாங்கி' என்பது என் பரிந்துரை. தமிழகத்தில் பலருக்குப் புதிதாக இருக்கும், சரி, ஹைட்ரோபோன் மட்டும் பழகிய சொல்லா?

ஹீலியப் பேச்சைச் சீராக்கும் கருவிக்கு 'குரல்மீட்பி' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மண்டையோட்டு அதிர்விலிருந்து பேச்சை எடுக்கும் வகையும் உண்டு. அது வாயுவையும் நம்பவில்லை, நீரையும் நம்பவில்லை என்பதால் 'எலும்புவழி ஒலிவாங்கி' எனத் தனியே பதிவு செய்யலாம். மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.