காலி செய்த வீட்டின் கவுன்சில் டாக்ஸ் பாக்கி முழுவதும் என் பொறுப்பா?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் நாங்கள் நால்வர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வீட்டில் குடியிருந்தோம்; எங்களில் ஒருவர் முழுநேர மாணவர். கவுன்சில் டாக்ஸில் (குடியிருப்பவர்கள் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, கட்டும் வீட்டு வரி) என் பங்கை மாதந்தோறும் நண்பர் ஒருவரின் வங்கிக் கணக்கில் செலுத்திவந்தேன். அவர் வரியைக் கட்டவே இல்லை என்பது, காலி செய்து ஓராண்டு கழிந்து 1,400 பவுண்டையும் என்னிடமே கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. கால் பங்கை மட்டும் செலுத்தி விலகிக்கொள்ள முடியுமா?

மறுமொழி 1:
இயலாது. 1992-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், 6-ஆம் பிரிவின்படி, ஒரே ஒப்பந்தத்தில் குடியிருந்தவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழு வரிக்கும் பொறுப்பாளிகள் என்பதால், யாருடைய முகவரி கிடைக்கிறதோ அவரிடமே முழுத் தொகையையும் கவுன்சில் கேட்கலாம். உங்களுக்குள் பேசிக்கொண்ட பங்கீடு அதைக் கட்டுப்படுத்தாது. மாணவர் இந்தக் கூட்டுப் பொறுப்பில் சேரமாட்டார். ஆகவே கணக்கு மூவருக்குரியது.

மறுமொழி 2:
அறைக்கு ஒன்றாகத் தனித்தனி ஒப்பந்தங்கள் இருந்திருந்தால் வீட்டு உரிமையாளரே வரி கட்டவேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வரி நாள்கணக்கில் கணிக்கப்படுவதால், காலி செய்த தேதிக்குப் பிந்தைய நாட்கள் சேர்ந்துள்ளனவா என்று முதலில் பாருங்கள். கடிதத்தைக் கிடப்பில் போட்டால், கவுன்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொறுப்பாணை (வரிப் பாக்கிக்கு நீங்களே பொறுப்பு என்று உறுதிசெய்யும் ஆணை) பெற்றுச் சம்பளத்திலேயே பிடித்துவிடும், செலவுத்தொகையும் கூடும். எனவே தவணை கேட்டு உடனே எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வங்கிப் பதிவுகள் இருக்கின்றன. நண்பரிடமிருந்து திரும்பப் பெற வழியுண்டா?

மறுமொழி 2:
உண்டு. முதலில் எழுத்துமூலம் கேளுங்கள்; மறுத்தால் கவுண்டி நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவை நாடலாம்.