அடிபட்ட மான்: இப்பவே தேடலாமா, விடியட்டுமா?

மிச்சிகன்ல வில் வேட்டைக்குப் போறவங்க யாராச்சும் முழிச்சிருந்தா சொல்லுங்கப்பா. இன்னைக்கு சாயங்காலம் ட்ரீ ஸ்டாண்ட்ல (மரத்துல கட்டுற வேட்டைப் பரண்) இருந்து 25 கெஜத்துல ஒரு பெட்டை மான் மேல அம்பு விட்டேன், விடுற நேரத்துல அது ஒரு எட்டு முன்னாடி வச்சிருச்சு, முதுகைக் கூனிக்கிட்டு மெதுவா நடந்தே போயிருச்சு. அரைமணி கழிச்சு இறங்கி அம்பை எடுத்துப் பாத்தா பச்சையும் பழுப்புமா கொழகொழன்னு ஒட்டியிருக்கு, மோந்தா சாண வாடை. நுரையீரல்ல பட்டிருந்தா ரத்தம் ரோஸ் கலர்ல நுரையா இருக்கும், ஈரல்னா கருஞ்சிவப்பு, இது குடல்தான். அங்கயே ஆரஞ்சு ரிப்பன் கட்டிட்டு சத்தமில்லாம திரும்பிட்டேன்.

குடல்னா 8-12 மணி நேரம் விடணும், அவசரப்பட்டா படுத்திருக்கிறது எந்திரிச்சு ஓடிரும்னு தெரியும். ஆனா கொயோட்டி (ஓநாய் மாதிரி காட்டு நாய்) ஊளை வீடு வரைக்கும் கேக்குது, மான் வலியில கிடக்குமேன்னு சோறு இறங்கல.

கயிறு கட்டின நாயை வச்சுத் தேட இங்க அனுமதி உண்டு, லான்சிங் பக்கம் அப்படி பழக்கின நாய் வச்சிருக்கவங்க யாரையாச்சும் தெரியுமா? ஓடைக்கு அந்தப்பக்கம் வேறொருத்தர் நிலம், அவர்கிட்ட இப்பவே போன்ல பர்மிஷன் வாங்கிட்டேன். காலைல ரத்தத் தடம் அறுந்து போயிருந்தா நேரா ஓடைக்கரைக்குப் போகவா, இல்ல கடைசி சொட்டுல இருந்து வட்டம் போட்டுத் தேடவா?