நெட் இல்லாமலும் நடைவழி காட்டும் ஆப் எது?

வணக்கம் மக்களே. வடசென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு ஆப் பட்டியல் தயாராகிறது. இரண்டு இடங்களில் உங்கள் உதவி கட்டாயம் வேண்டும்.

கூகுள் மேப்ஸில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆஃப்லைனில் இறக்கி வைக்கலாம். ஆனால் நெட் போனால் வண்டிவழி மட்டும்தான் காட்டும். நடைவழியும் பஸ், ரயில் விவரமும் வராது. சௌகார்பேட்டைச் சந்துகளில் நடைவழிதானே முக்கியம்! ஆர்கானிக் மேப்ஸ் நெட் இல்லாமலே நடைவழி தரும். மின்ட் தெரு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் அதை வைத்து நடந்தவர்கள், எந்தச் சந்து தப்பாக இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஆப்புக்கு வரைபடம் தருவது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்; அதில் திருத்திவிடலாம்.

மின்சார ரயில் டிக்கெட்டுக்கு ரயில்வேயின் 'ரயில்ஒன்' ஆப். காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் நின்று எடுக்க முடியாது, ஜிபிஎஸ் தடுத்துவிடும். உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்துதான் எடுக்கணும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் லொகேஷன் அனுமதியில் 'துல்லியமான' என்பதையே தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது.

இன்னொன்று: மணலி, எண்ணூர் பஸ்கள் வரும் நேரத்தை, பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்குமான 'சென்னை ஒன்' ஆப் சரியாகக் காட்டுகிறதா? தடம் எண், நிறுத்தம், நேரத்தோடு எழுதுங்கள்.