அம்மாவுடன் அமர்ந்து பார்க்கத்தக்க படங்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று என் தம்பி அண்மையில் வீட்டில் சொல்லிவிட்டான். அம்மா அவனை வெறுக்கவில்லை. ஆனால் இப்படியொரு வாழ்க்கை எப்படி அமையும் என்பது புரியாமல் தவிக்கிறார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் இது குற்றமில்லை என்று விளக்கினேன். சட்டம் அவருடைய அச்சத்தைப் போக்கவில்லை.

மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்த ‘காதல் தி கோர்’ (2023) படத்தை இருவரும் பார்த்தோம். உண்மையை மறைத்து மணந்துகொண்ட கணவனைப் போலவே, அந்த மௌனத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த மனைவியும் எவ்வளவு இழந்திருக்கிறாள் என்பதை அப்படம் நிதானமாகக் காட்டுவதாலோ என்னவோ, ‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சை அம்மா அதன்பின் எடுக்கவே இல்லை. கீது மோகன்தாஸின் ‘மூத்தோன்’ (2019) அருமையான படம்தான். எனினும் அதில் வரும் அமீர் என்ற இளைஞனுக்கு நேரும் முடிவை இப்போது அம்மாவால் தாங்க இயலாது.

ஆகவே, தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளும் இளைஞனையும், மெல்ல மெல்ல அவனோடு வந்து நிற்கும் குடும்பத்தையும் காட்டுகின்ற, தற்கொலையோ கேலியோ இல்லாத படங்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அம்மாவுக்கு மலையாளம் கேட்டால் புரியும். வாசிக்கத் தமிழ் மட்டுமே தெரியும். பிறமொழிப் படமானால் தமிழ் வசன வரிகள் உண்டா, எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோருடன் பார்த்தவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் உதவும்.